அத்தையின் அறை தெருவைப் பார்க்கட்டும்

கேள்வி: அம்மாப்பேட்டையில் எங்களுக்கு 3 சென்ட் மனை இருக்கிறது. கிழக்குப் பார்த்தது, அகலம் 30 அடி, நீளம் 43 அடி. சுற்றிலும் இடம் விட்டதுபோக 24-க்கு 34 அடியில் கட்டலாம் என்கிறார் பொறியாளர். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாடியில் படுத்துக்கொள்வோம். கீழே, 74 வயதாகும் என் அத்தைக்குத் தனி அடுப்பும் குளியலறையும் கொண்ட சிறு வீடாகவே ஒதுக்க நினைக்கிறோம். அவருக்கு மூட்டுவலி, ஆனாலும் முக்காலியில் அமர்ந்து இன்னும் ராட்டையில் நெசவுத் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். "பெரியவர்களுக்குத் தென்மேற்கான கன்னி மூலைதான் சரி, பின்னால் கொடுங்கள்" என்கிறார் கொழுந்தனார். தனி வாசல் வைத்தால் மாமியாரைப் பிரித்து வைத்துவிட்டாள் என்ற பேச்சு வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. வாசலில் சாய்தளம் அமைக்கலாமா?
– வாசகி ஒருவர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பின்னால் கொடுக்காதீர்கள், அம்மா. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கன்னங்குறிச்சியில் நாங்கள் வீடு கட்டியபோது, சந்தடி இல்லாமல் இருக்கட்டும் என்று என் மாமியாருக்குப் பின்கட்டு அறையை ஒதுக்கினேன். வரைபடம் நான் போட்டதுதான். அவர் தினமும் காலையில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து வாசலுக்கு வருவார். பூக்காரம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவார். கூடத்தில் விருந்தாளிகள் இருந்தால் வரமாட்டார். கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த நிற்பை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

உங்கள் மனையில் தெருவை ஒட்டிய தென்கிழக்கு மூலையை அத்தைக்குக் கொடுங்கள். 10-க்கு 12 அடி அறை, அதன் பின்னால் 5-க்கு 7 அடி குளியலறை. அவருடைய அடுப்பு மேடை 4 அடி நீளம் இருந்தால் போதும். அது அக்னி மூலையிலேயே அமைந்துவிடுகிறது, கிழக்குப் பார்த்துச் சமைக்கலாம். கொழுந்தனாரின் மனமும் நோக வேண்டாம்: அத்தையின் அறைக்குள்ளேயே தென்மேற்கில் கட்டிலைப் போடுங்கள், வீட்டின் கன்னி மூலையில் மாடிப்படி வரட்டும். கூடம் வடகிழக்கில், உங்கள் சமையலறை வடமேற்கில். உங்களுக்கான கீழ்க் கழிவறையை அத்தையின் குளியலறைச் சுவரோடு ஒட்டி வைத்தால் குழாய்ச் செலவு குறையும்.

மாடியில் அவருக்கு அறை கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழங்கால் வலியை விடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை, இரவிலும் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும்.

தனி வாசல் கட்டாயம் வேண்டும். கூடவே, அவருடைய அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு வையுங்கள். தாழ்ப்பாள் அவர் பக்கம் இருக்கட்டும். நடுக்கதவு பகலெல்லாம் திறந்து கிடப்பதைப் பார்க்கும் உறவினர்கள் என்ன பேசிவிடப் போகிறார்கள்? தார் கொண்டுவரும் பெண்கள் உங்களைக் கேட்காமல் நேரே அத்தையிடம் போவார்கள். அதுதான் அவருக்கு வேண்டியது.

குளியலறையில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். கதவு 3 அடி அகலம். அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள், வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். கொத்தனார் வழக்கம்போல் தளத்தை 2 அங்குலம் இறக்கிவிடுவார். முன்கூட்டியே சொல்லி, அரை அங்குலத்துக்கு மேல் படி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கதவுக்கு எதிர்க்கோடிக்கு வடியட்டும். கழிப்பிடத்தின் பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் கைப்பிடி வரும். அந்தச் சுவரைத் துளையுள்ள கல்லால் கட்டாமல் செங்கல்லால் கட்டுங்கள். உடல் பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டுமே. பேட்டரியில் இயங்கும் அழைப்புமணி ஒன்றின் பொத்தானைத் தரையிலிருந்து ஒரு அடியில் பொருத்துங்கள். விழுந்தவரின் கைக்கு எட்டும் உயரம் அது.

சாய்தளம் உங்கள் மனையில் அமையாது. தரைத்தளம் 2 அடி உயரம் என்றால், 1-க்கு 12 என்ற சரிவில் 24 அடி நீளம் தேவை. முன்னால் இருப்பது 5 அடிதான். செங்குத்தாக ஒன்றைக் கட்டிவைத்தால் படியைவிட அதுதான் ஆபத்து. தளத்தைத் தாழ்த்தவும் வேண்டாம். தெருவை மறுபடி மறுபடி போடும்போது அது உயர்ந்துகொண்டே வரும். 5 அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரத்தில் ஐந்து படிகள், ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம், இருபுறமும் கைப்பிடி. இவ்வளவும் அந்த 5 அடிக்குள் அடங்கும்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒருநாள் அத்தையை மனைக்கு அழைத்துப் போங்கள். அறையைச் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து, முக்காலியையும் ராட்டையையும் எடுத்துப்போய், அவருக்குப் பிடித்த இடத்தில் அவரே வைக்கட்டும். ஜன்னலை அதற்கு நேராக வையுங்கள். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடியில் வேண்டாம், 2 அடியில் இருக்கட்டும். உட்கார்ந்தபடியே தெரு தெரிய வேண்டும்.