தம்பிக்கு டேப்லெட், அக்காவுக்குத் தவணை

2024 மே மாசம் மொரீஷியஸ் ரோஸ் ஹில்ல இருந்து ஒரு சகோதரி நீளமா எழுதியிருந்தாங்க. சுருக்கிப் போடுறேன் (ரூபான்னா எல்லாம் மொரீஷியஸ் ரூபா):

"வணக்கம் சார். நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், கைக்கு 31,000 ரூபா வருது. என் தம்பி டிசைன் வேலை செய்றான், கல்யாணப் பத்திரிகை, காவடி போஸ்டர், கடை போர்டு இப்படி. போன வாரம் ஆப்பிள் அறிவிச்ச புது ஐபேட் ப்ரோ வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். டேப்லெட் 56,000, கீபோர்டு 17,000, பென்சில் 7,500, மொத்தம் 80,500 ஆகும்னு கடையில சொல்றாங்க. தவணைன்னா மாசம் 2,890, 36 மாசம். தம்பி பேர்ல குடுக்க மாட்டேங்கிறாங்க, பழைய டிவி பாக்கி ஒண்ணு இருக்காம். அதனால என் பேர்ல போடச் சொல்றான், மாசாமாசம் தந்துடறேங்கிறான். ஆனா நெட்ல பாத்தா எல்லாரும் இந்த மாடலைத் திட்டுறாங்க, அதுக்கு ஆப்பிள் போட்ட விளம்பரத்துல பியானோ எல்லாம் நசுக்குறதைப் பாத்து எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதை வாங்கலாமா, இல்ல விலை குறைஞ்ச ஐபேட் ஏர் மாடல் போதுமா, இல்ல டிசம்பர் போனஸ் வரைக்கும் பொறுக்கலாமா? சனிக்கிழமை கடைக்குப் போறோம். (ஏற்கனவே தம்பி ஃபோன் என் பேர்லதான் ஓடுது, 1,450. மாமியார் ஃப்ரிட்ஜ் 1,100. அடுத்த வருஷம் மாமனார் வீட்டு மேல மாடி எடுக்க வங்கியில லோன் கேக்கலாம்னு இருக்கோம்.)"

சகோதரி, கேள்வியைப் பெருசா எழுதிட்டு விஷயத்தை அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டீங்க.

முதல்ல அந்த டேப்லெட்டை முடிச்சிடலாம், ஏன்னா அதுல சொல்ல ரொம்ப இல்ல. 2024 மே 7ஆம் தேதி அறிவிச்சாங்க, எம்4 சிப்பு, பெரிய சைஸ் 5.1 மில்லிமீட்டர் தடிமன்தான். நெட்ல சந்தேகப்படுறவங்க சொல்றதுல பாதிக்கு மேல நியாயம்தான். இவ்வளவு வேகமான சிப்பை வச்சு ஓட்ட அந்த ஐபேட் சாஃப்ட்வேர்ல வேலை இல்லங்கிறாங்க, உண்மை. போன தடவை 799 டாலர்ல ஆரம்பிச்ச 11 இன்ச் இந்தத் தடவை 999, கீபோர்டு தனியா 299, பென்சில் தனியா 129, உண்மை. சிப்போட முழு பலமும் 16 ஜிபி மெமரியும் வேணும்னா 1 டெராபைட் மாடலுக்குப் போகணும், அது 1,599 டாலர், அதுவும் உண்மை. இதெல்லாம் அமெரிக்க வரி சேர்க்காத விலை, நம்ம ஊர்ல டாலர் 46 ரூபான்னு வச்சு 15 சதவீத வாட் வரி போட்டாலே 999 டாலர் 53,000 கிட்ட வந்துடும், அதனால கடைக்காரர் சொல்ற 56,000 ஒண்ணும் கொள்ளை விலை இல்ல. விளம்பரத்துக்கு ஆப்பிள்காரங்களே ரெண்டு நாள்ல மன்னிப்புக் கேட்டாங்க, அதோட விடுங்க.

ஆனா ஊர் திட்டுறதை வச்சு சாமான் வாங்குறதும் விடுறதும் ரெண்டுமே உருப்படாத முறை. 2010ல முதல் ஐபேட் வந்தப்ப என்ன சிரிப்பு சிரிச்சாங்க, கேமரா இல்ல, பெரிய சைஸ் ஐபாட் டச்சு, இதை எவன் வாங்குவான்னு. முதல் நாளே 3 லட்சத்துக்கு மேல வித்துச்சு. அடுத்த வருஷம் எச்பி டச்பேடுன்னு ஒரு டேப்லெட் 499 டாலருக்கு ஜூலையில வந்தது, சந்தேகப்பட்டவங்க சொன்ன மாதிரியே ஆகஸ்ட்லயே அதை நிறுத்திட்டு மிச்சத்தை 99 டாலருக்கு அள்ளி வித்தாங்க. முழு விலை குடுத்து வாங்கினவன் கதி என்னன்னு நினைச்சுப் பாருங்க. ஒரு தடவை சிரிச்சவங்க தப்பு, ஒரு தடவை சரி. இதுல உங்களுக்கு என்ன பதில் கிடைக்குது? ஒண்ணும் இல்ல. இந்த ப்ரோ உலகத்துலயே நல்ல டேப்லெட்டா இருந்தாலும் என் பதில் மாறாது.

உங்க பேருக்கு வருவோம். அடுத்தவங்க சாமானுக்கெல்லாம் உங்க பேஸ்லிப்பை (சம்பளச் சீட்டு) குடுக்குற பழக்கம் இருக்கே, அதுதான் உங்களை அரிச்சுக்கிட்டு இருக்கு.

நீங்க கணக்குப் பாக்குறவங்க, வட்டின்னா என்னன்னு நான் சொல்லித்தர வேண்டாம். 2,890ஐ 36ஆல பெருக்கினா 1,04,040. சாமான் விலை 80,500. நடுவுல 23,540 ரூபா, வட்டி, வாரண்டி, இன்சூரன்ஸ் எல்லாம் கலந்து கட்டி. எது எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்டிருக்கீங்களா? ஆஃபீஸ்ல ஒரு இன்வாய்ஸ் இப்படி மொத்தமா வந்தா திருப்பி அனுப்புவீங்கல்ல. அந்த 23,540க்கு மேல இன்னொரு பத்தாயிரம் போட்டா சின்ன ஏர் ஒண்ணு ரொக்கமாவே கிட்டத்தட்ட வாங்கிடலாம், அதோட ஆரம்ப விலை 599 டாலர்.

அதுவும் பெரிசில்ல, விடுங்க. தம்பி கணக்கைப் பாருங்க. கடிதத்துல கீழ ஒரு வரி எழுதியிருந்தீங்க, மேல நான் போடல: ஃபோனுக்கு இதுவரைக்கும் 14 தவணை போயிருக்கு, அதுல 9 அவன் குடுத்தான், 5 நீங்க கட்டினீங்க, அதுல மூணு போன டிசம்பர் போனஸ்ல இருந்து. "அவனுக்கு அப்ப வேலை சரியா இல்ல சார்"னு நீங்களே வக்காலத்தும் வாங்கியிருக்கீங்க. சரி, நான் அவனைக் குறை சொல்லல. அதே ரெக்கார்டை அப்படியே 36 தவணைக்கு நீட்டிப் பாருங்க. 14க்கு 5ன்னா 36க்கு 13. பதிமூணு தவணை உங்க தலையில, 37,570 ரூபா. உங்க ஒரு மாசச் சம்பளத்தை விட ஜாஸ்தி. தம்பி டேப்லெட் வாங்குறான்னு சொல்லாதீங்க, நீங்க ஒரு டிசம்பர் போனஸை இப்பவே எழுதிக் குடுக்குறீங்கன்னு சொல்லுங்க.

போனஸ்னதும் ஞாபகம் வருது, இந்த மொரீஷியஸ்ல போனஸ் சட்டப்படி வர்ற பணம், பன்னிரண்டுல ஒரு பங்கு, பெரிய பகுதி கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, மிச்சம் வருஷம் முடியறதுக்குள்ள. கண்டிப்பா வரும்னு தெரிஞ்சதாலயே அதை மே மாசமே செலவு பண்ணிடறோம். கடைக்காரங்களுக்கும் அது தெரியும், "டிசம்பர்ல மொத்தமா கட்டிக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. ஜனவரியில பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறக்குது, புத்தகம், ஷூ, யூனிஃபார்ம், அப்புறம் தைப்பூசம், அப்பத்தான் தெரியும் போனஸ் எங்க போச்சுன்னு. 1998ல இந்த ஊர் ரூபா நோட்டுல தமிழ் எழுத்தை ஒரு வரி கீழ தள்ளிட்டாங்கன்னு இங்க எவ்வளவு பெரிய சண்டை, நோட்டையே திரும்ப வாங்க வச்சாங்க. நோட்டுல தமிழ் எந்த வரியில இருக்கணும்னு அவ்வளவு அக்கறையா இருந்த ஜனம், அந்த நோட்டு யார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகுதுன்னு மட்டும் பாக்க மாட்டேங்குது.

இப்ப மாடி லோன். தம்பியோட பழைய டிவி பாக்கி எப்படி வேற கடைக்குத் தெரிஞ்சுதுன்னு யோசிச்சீங்களா? எம்சிஐபின்னு இங்க மத்திய வங்கியான பேங்க் ஆஃப் மொரீஷியஸ் நடத்துற கடன் பதிவேடு ஒண்ணு 2005ல இருந்து இருக்கு, அதுல ஏறியிருக்கும். அதே பதிவேட்டுல உங்க பேருக்கு நேரா ஃபோன், ஃப்ரிட்ஜ் ரெண்டும் நிக்கும், சனிக்கிழமை கையெழுத்துப் போட்டா டேப்லெட்டும் நிக்கும். அங்க "இது என் தம்பியோடது, அவன்தான் கட்டுறான்"னு எழுத இடம் கிடையாது. மூணையும் கூட்டுங்க, 1,450, 1,100, 2,890, மாசம் 5,440. கைக்கு வர்ற ஒவ்வொரு ஆறு ரூபாயிலயும் ஒரு ரூபா அடுத்தவங்க சாமானுக்கு. வங்கிக்காரர் அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை வச்சுத்தான் உங்களுக்கு லோன் தருவார். சுமாரா 7 சதவீத வட்டி, 25 வருஷம்னு வச்சுக்கோங்க, லட்சத்துக்கு மாசம் 700 ரூபா சொச்சம் ஆகும். அப்ப 5,440ங்கிறது ஏழரை லட்ச ரூபா லோனுக்கான தவணை. அந்த டேப்லெட் மட்டுமே நாலு லட்சத்தைத் தின்னுடும். மாடியில ஒரு ரூமும் பாத்ரூமும் போச்சு.

ஒரு மாசம் தம்பி லேட்டாக்கி நீங்களும் கவனிக்காம விட்டா அந்த லேட்டும் உங்க பேர்லதான். இதுல இன்னொரு வேடிக்கை, தவணையில வாங்கின சாமான் கடைசித் தவணை வரைக்கும் கடைக்குத்தான் சொந்தம். ஆக, சாமான் கடைக்காரனோடது, உபயோகம் தம்பிக்கு, கடன் உங்களுக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, கேக்காட்டாலும் சொல்றேன். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல வீட்டுக்காரம்மாவோட சொந்தத்துல ஒருத்தருக்கு சோஃபா செட்டுக்கு காரான், அதாவது ஜாமீன், கையெழுத்துப் போட்டேன். கல்யாண வீட்டுல தால் பூரி சாப்பிட்டுக்கிட்டே போட்ட கையெழுத்து, பேப்பர்ல எண்ணெய்க் கறை கூட இருந்துச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு காலைல ஏழு மணிக்கு, லுங்கியோட டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், உய்சியே, அதான் கோர்ட் அமீனா, வந்து கேட்டுல நிக்கிறார் கையில பேப்பரோட, எதிர்வீட்டு ஜன்னல்ல ரெண்டு தலை. 18,000 ரூபா கட்டினேன். அந்த சோஃபாவுல நான் ஒரு தடவை கூட உக்காந்தது கிடையாது. சொந்தக்காரர் இன்னைக்கும் நல்லாத்தான் பேசுறார், நான்தான் பேசுறதில்ல.

இன்னொரு கணக்கும் இருக்கு, இது தம்பிக்குச் சொல்லுங்க. எம்1 சிப்பு போட்ட ஐபேட் ப்ரோ 2021 மே கடைசியில கடைக்கு வந்துச்சு. அப்பவே 36 மாசத் தவணையில ஒருத்தர் வாங்கி ஜூன்ல முதல் தவணை கட்டியிருந்தா, கடைசித் தவணை 2024 மே மாசம் வரும். நடுவுல 2022 அக்டோபர்ல எம்2 வந்தாச்சு, 2024 மேல எம்4. பழசுக்குத் தவணை கட்டி முடிச்ச கையோட புதுசு பளபளன்னு நிக்கும், ஓடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஏன், உங்க ஃபோன் தவணையே இன்னும் பத்து மாசம் பாக்கி இருக்கு, அதுக்குள்ள தம்பி அடுத்ததுக்கு வந்துட்டான் பாருங்க.

சரி, அவனுக்கு நிஜமாவே வேலைக்கு வேணும்னா? பத்திரிகையும் போஸ்டரும் போட எம்4 தேவையே இல்ல. ப்ரோக்ரியேட் மாதிரி வரையுற ஆப்பு ஒரே ஒரு தடவை 13 டாலர் கட்டினா போதும், சாதாரண ஐபேட்லயே ஓடும், அந்தச் சாதாரண ஐபேட் விலையையும் இந்த ப்ரோவை அறிவிச்ச அதே நாள்லதான் 349 டாலருக்குக் குறைச்சாங்க, அதைப் பத்தி யாரும் பேசலை. ஒண்ணு மட்டும் கவனிக்கச் சொல்லுங்க, விலை குறைஞ்ச யுஎஸ்பி-சி பென்சில்ல அழுத்தி வரைஞ்சா கோடு தடிக்காது, வரையுறவனுக்கு அது உதவாது, முதல் தலைமுறை பென்சில்தான் வாங்கணும். இல்ல பழைய ஏர் நல்ல கண்டிஷன்ல செகண்ட்ஹேண்ட்ல பாக்கட்டும். நான் அவனைச் சொல்றேன், உங்களை இல்ல. அவன் காசு, அவன் பேரு. மாசம் 2,890 தர முடியும்னு உங்ககிட்ட சொல்றவன், எட்டு ஒன்பது மாசம் அதைச் சேத்து வச்சான்னா கையில ரொக்கமாவே இருக்கும், சாதாரண ஐபேடும் பென்சிலும் வந்துடும். சேத்து வைக்க முடியலைன்னா தவணையும் கட்ட முடியாது, அவ்வளவுதான். அந்த டிவி பாக்கியையும் அவனே போய் தீர்க்கட்டும், நீங்க அவனுக்காகக் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருக்குற வரைக்கும் அவனுக்கு அதைத் தீர்க்க என்ன அவசரம்?

அக்கா மனசு கேக்காது, தெரியும். ஏதாவது குடுத்தே ஆகணும்னா, திரும்பி வராதுன்னு நினைச்சே ஒரு தொகை குடுங்க, அஞ்சாயிரமோ எட்டாயிரமோ, பொறந்தநாள் பரிசுன்னு சொல்லி. கடன்னு குடுக்காதீங்க. மாமியார் ஃப்ரிட்ஜ் ஒரே வீட்டுல ஓடுறது, நீங்களும் அதுலதான் தண்ணி எடுத்துக் குடிக்கிறீங்க, அதை நான் தொடல. ஃபோனுக்கு மட்டும் பத்து தவணை, 14,500 பாக்கி. முன்கூட்டி முடிச்சா எவ்வளவு குறையும்னு கடையில எழுத்துல வாங்குங்க. சேமிப்புல 40,000 இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதுல இருந்து முடிச்சிடுங்க, முடிச்சதுக்கு ரசீது வாங்கி மாடி லோன் ஃபைல்ல வைங்க. அந்தப் பத்து மாசக் காசைத் தம்பி உங்ககிட்ட மெதுவா தரட்டும், தரலைன்னா அதுவே அவனுக்கான பரிசுன்னு எழுதிக்கோங்க, எட்டாயிரம் வேற தராதீங்க.

முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றது உங்களுக்கு வராது, கடிதத்தைப் படிச்சாலே தெரியுது. வங்கி மேல போடுங்க. "லோன் பேப்பர் போகுது, இப்ப என் பேர்ல புதுசா எதுவும் ஏறக்கூடாதாம்"னு சொல்லுங்க, பொய்யும் இல்ல.

சனிக்கிழமை தம்பி கூப்பிட்டா போங்க, அந்த டேப்லெட்டைத் தொட்டுக் கூடப் பாருங்க, நிஜமாவே அழகாத்தான் இருக்கு. பேஸ்லிப்பையும் கரண்ட் பில்லையும் மட்டும் வீட்டு அலமாரியிலயே வச்சுட்டுப் போங்க.