வெயிட் மிஷினைக் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் மூன்று வருடத்தில் 6 கிலோ ஏறிவிட்டது. காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை எடை பார்க்கிறேன். அரை கிலோ கூடியிருந்தால் மறுநாள் முழுக்கப் பட்டினி. போட்டோ எடுத்தால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்கிறேன். இந்தப் பயத்திலிருந்து எப்படி வெளியே வருவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: எடையைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்காமல் பயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அதுவே நல்லது. நானும் ஒரு காலத்தில் வீட்டுத் தரையில் மிஷினை இங்கும் அங்கும் நகர்த்தி, எந்த இடத்தில் குறைவாகக் காட்டுகிறது என்று தேடியவள்தான்.

முதலில் அந்த அரை கிலோ. காலைக்கும் இரவுக்கும் நடுவில் எடை ஒரு கிலோ வரைக்கும் சர்வசாதாரணமாக ஏறி இறங்கும். குடித்த தண்ணீர், உப்பு, வயிற்றில் இருக்கும் சாப்பாடு, மாதவிலக்குக்கு முன்னால் உடம்பில் தங்கும் நீர் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது காட்டுகிறது. ஒரே நாளில் அரை கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 3,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், அதாவது வழக்கமான சாப்பாட்டோடு இன்னும் ஒன்றரை நாளுக்கும் மேலான சாப்பாடு. அப்படிச் சாப்பிட்டீர்களா? இல்லையே. அப்புறம் எதற்குப் பட்டினி?

6 கிலோ வேறு விஷயம், அது நிஜம். மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி, பொதுவாக 45க்கும் 55க்கும் இடையில், ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும். தசை ஏற்கெனவே முப்பதுகளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது, இரவில் வியர்த்து எழுந்து தூக்கமும் கெட்டால் பசி கூடும். ஆனால் நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்று எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை உடம்பு செலவழிக்கும் சக்தி பெரிதாக மாறுவதில்லை என்று 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. என்ன சாப்பிட்டாலும் ஏறியே தீரும் என்கிற விதியெல்லாம் கிடையாது.

உங்கள் எடையைவிடப் பட்டினிதான் எனக்குக் கவலை. சாப்பிடாமல் கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும், மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு எப்படியும் வேகமாகத் தேயும், அதற்கு நீங்களே வழி விட வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிடுங்கள், ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. இரண்டாவதை நம் பெண்கள் பலரும் தொடுவதே இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதில் ஆரம்பியுங்களேன்.

சாப்பாடு மாறாமலே ஏறியது என்கிறீர்கள், அதனால் தைராய்டை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள், ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எண் ஏதாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் மாதம் ஒரு தடவை வயிற்றைச் சுற்றி டேப் வையுங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது கவனிக்க வேண்டிய எல்லை. மிஷின் பரணுக்குப் போகட்டும். முதல் வாரம் கை பரபரக்கும், பரவாயில்லை.

சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள் முழுக்க இதே நினைப்பாக இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதிரி உணவுப் பிரச்சினை இளம் பெண்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்து நடுவயதில் பலர் வெளியே சொல்வதே இல்லை, ஆனால் பேச்சு வழி சிகிச்சையில் குணப்படுத்தக் கூடியதுதான்.

“என்ன, குண்டாயிட்டே?” என்று கேட்பவர்களிடம், “ஆமா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் டயட் குறிப்பு கொடுக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். தூக்கம் எப்படி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் எழுதுங்கள், கிலோ கணக்கு மட்டும் வேண்டாம்.