கடல் உயிரினங்கள் அழிய மீனவர்கள்தானே காரணம்? பிறகு ஏன் பாதுகாப்புத் திட்டங்களை அவர்களே எதிர்க்கிறார்கள்?

நீங்கள் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அந்தத் 'தானே' சுருக்கென்று தைத்துவிட்டது. நான் தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் மல்லிப்பட்டினம் பக்கம், நாட்டுப்படகு மீனவரின் மகள்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் ஃபைபர் படகு உடைந்தது, வலையெல்லாம் போனது. அப்பா வட்டிக்கு வாங்கித் திருக்கை வலை போட்டார். அடுத்த வருஷம் ஒரு விடிகாலையில் அந்த வலையில் ஆவுளியா மாட்டியது. புத்தகத்தில் கடற்பசு என்பார்கள். அது மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது, சில நிமிடத்துக்கு ஒருதரம் மேலே வந்தாக வேண்டும். வலையோடு கீழே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். சிக்கெடுக்க நேரமில்லை. அப்பா கத்தியை எடுத்தார். "அண்ணே, கடன் வலைண்ணே" என்றாராம் சித்தப்பா. "வலைய திரும்பக் கட்டிக்கலாம்டா, பிடி" என்று அறுத்து விட்டிருக்கிறார். ஆவுளியா ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும், அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும். ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. உயிரோடு விட்டால் சன்மானம் தருகிற திட்டம் உண்டு, ஆனால் ஆதாரத்துக்குப் படம் வேண்டும். அப்பாவிடம் அன்று இருந்தது பட்டன் போன்.

மீனவர் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. ஆவுளியாக் கறி தின்ற காலம் எங்கள் கரையிலும் உண்டு, தாத்தாவே சொல்லியிருக்கிறார். அதற்காக எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நாட்டுப்படகு வேறு, இழுவை மடி என்ற வலையைப் போடும் விசைப்படகு வேறு. இழுவை மடி கடலின் தரையையே வாரிக்கொண்டு வரும். ஆவுளியா தின்னும் கடல்தாழை, அதாவது கடற்புல், அதில் வேரோடு போகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ராத்திரி எங்கள் கரையில் நின்று பார்த்தால் எத்தனை விளக்கு தெரிகிறது என்று எண்ணலாம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவனையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவனும் எங்கள் சொந்தக்காரன்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி என்று ஒருவர் வந்து இரண்டு நாள் அப்பா படகில் சுற்றினார். தாழை எங்கே அடர்த்தி, ஆவுளியா மேய்ந்துபோன தடம் எப்படி இருக்கும், எந்த மாதம் எந்தப் பக்கம் வரும் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். டீசல் காசு மட்டும் கொடுத்தார். அறிக்கை வந்ததா, அதில் அப்பா பெயர் இருந்ததா, இன்றுவரை தெரியாது. நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. நானே விலங்கியல் படித்தவள். கேட்டவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் இதுதான் முதலாவது. அறிவிப்பு வந்த அன்று எங்கள் தெருவில் கேட்ட ஒரே கேள்வி, "நம்மள கடலுக்குப் போக விடுவாங்களா?" என்பதுதான். இதைத்தான் நீங்கள் எதிர்ப்பு என்கிறீர்கள். எங்களுக்கு அது வயிற்றுப் பயம்.

கட்டுரைக்காக இந்தப் பக்கம் வந்தால் விடிகாலையில் வாருங்கள், அப்பா அப்போதுதான் கரையேறுவார். தாழைக்காட்டைக் கூட்டிப்போய்க் காட்டுவார். எழுதி முடித்ததும் தமிழில் ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் வாசிப்பார்.