ஆங்கிலக் கேள்வி–பதில்: 'அன்ட்' வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

இந்த மாதக் கடிதங்களில் அரைவாசிக்கு மேல் 'பரலல் ஸ்ட்ரக்சர்' என்ற சமாந்தர அமைப்பைப் பற்றியவை. அதனால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். உதாரண வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பலகையிலும் கொப்பியிலும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

தரம் 10 பிள்ளைகளுக்கு "பட்டியலில் வருவதெல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும்" என்று விதியைச் சொல்லிக் கொடுத்தேன். பயிற்சி கொடுத்தால் பத்துக்கு எட்டுச் சரி. கட்டுரை எழுதும்போது பழையபடி பிழை. எங்கிருந்து தொடங்குவது?
— ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பயிற்சித் தாளில் பிழை இருக்கிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும், தேடிப் பிடித்துவிடும். தன் கட்டுரையில் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. "ஒரே வடிவம்" என்ற விதியும் அரைகுறையானது. எதோடு எது ஒத்துப்போக வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலமே வேண்டாம். பலகையில் இந்தப் பழமொழியை எழுதுங்கள்: 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.' பிறகு இரண்டாம் பாதியைக் கெடுத்து எழுதுங்கள்: 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாட்டுக்குக் கறக்கும் மாடென்றால் பாடுவது நல்லது.' வகுப்பு சிரிக்கும். எங்கே உடைந்தது என்று கேட்டால் கடைசி வாங்கில் இருப்பவரும் சொல்வார். காது ஏற்கெனவே பழகித்தான் இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதுதான் மிச்ச வேலை.

அடுத்து ஒரு பிழையான வாக்கியம்: 'த பிரின்சிபல் ஆஸ்க்ட் அஸ் டு கிளீன் த கிளாஸ்ரூம், அரேஞ்சிங் த செயார்ஸ் அன்ட் தட் வீ ஷுட் வோட்டர் த பிளான்ட்ஸ்.'

முதலில் 'அன்ட்' என்ற சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். 'ஓர்', 'பட்' வந்தாலும் இதே வேலைதான். வட்டத்துக்கு வலப்பக்கம் உடனே நிற்பது என்ன என்று பார்க்க வேண்டும். இங்கே 'தட் வீ ஷுட்'. பிறகு இடப்பக்கம் போய், அதோடு சோடி சேர வேண்டியவை எவை என்று தேட வேண்டும்: 'அரேஞ்சிங்', 'கிளீன்'. கடைசியாக, எல்லாவற்றுக்கும் பொதுவான முன்பகுதியைத் தனியே எழுதி, ஒவ்வொன்றையும் அதன் கீழ் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும்:

த பிரின்சிபல் ஆஸ்க்ட் அஸ் டு
— கிளீன் த கிளாஸ்ரூம்
— அரேஞ்சிங் த செயார்ஸ்
— தட் வீ ஷுட் வோட்டர் த பிளான்ட்ஸ்

இனிப் பொதுப்பகுதியை ஒவ்வொரு வரியோடும் சேர்த்துச் சத்தமாக வாசிக்கட்டும். 'ஆஸ்க்ட் அஸ் டு கிளீன்' ஓடும். 'ஆஸ்க்ட் அஸ் டு அரேஞ்சிங்' தொண்டையில் நிற்கும். 'டு தட் வீ ஷுட்' வாயிலேயே வராது. 'கிளீன்', 'அரேஞ்ச்', 'வோட்டர்' என்று அவர்களே திருத்திவிடுவார்கள். ஜெரண்ட் ('-இங்' வடிவம்), இன்ஃபினிட்டிவ் ('டு' சேரும் வடிவம்) என்ற பெயர்களை இதற்குப் பிறகு சொன்னால் போதும். முதலிலேயே சொன்னால் பெயரைப் பாடமாக்குவார்கள், வாக்கியத்தைப் பார்க்க மாட்டார்கள்.

40 நிமிடப் பாடவேளையில் மிஞ்சும் நேரத்துக்குப் புதிய பயிற்சி கொடுக்க வேண்டாம். தங்கள் கடைசிக் கட்டுரையை எடுத்து, 'அன்ட்' வரும் மூன்று வாக்கியங்களை இப்படி அடுக்கிப் பார்க்கட்டும். நீங்கள் கட்டுரை திருத்தும்போதும் சிவப்புப் பேனையால் சரியான வடிவத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். 'அன்ட்' என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுங்கள். திருத்தும் வேலை அவர்களுடையது.

கதை எழுதச் சொன்னால் 'ஹி கோ ஹோம், வோஷ் ஹிஸ் ஃபேஸ், ஈட் டினர் அன்ட் ஸ்லெப்ட்' என்று எழுதுகிறார்கள். இது காலப் பிழையா, சமாந்தரப் பிழையா?
— டியூஷன் ஆசிரியர், மட்டக்குளி

இரண்டும்தான், வேர் ஒன்று. பிள்ளை மனதில் ஓடும் தமிழைப் பாருங்கள்: 'வீட்டுக்குப் போய், முகம் கழுவி, சாப்பிட்டு, படுத்தான்.' காலம் காட்டும் வினை கடைசியில் ஒன்றே ஒன்று. போய், கழுவி, சாப்பிட்டு என்ற மூன்றும் எச்சங்கள், காலத்தைக் கடைசி வினையிடம் விட்டுவிட்டு நிற்கின்றன. தமிழில் அது அழகு. அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற பிள்ளை 'ஸ்லெப்ட்' என்ற கடைசி வினைக்கு மட்டும் இறந்தகாலம் போட்டுவிட்டு, முன்னால் உள்ளவற்றை வெறுமனே விடுகிறது. எனவே "டென்ஸைக் கவனி" என்று எத்தனை தடவை எழுதினாலும் பலன் குறைவு. பிள்ளை தன் கணக்கில் டென்ஸைப் போட்டுத்தான் இருக்கிறது.

இன்னும் சிலர் எச்சத்துக்கு '-இங்' வடிவமே சரி என்று நினைத்து 'கோயிங் ஹோம், வோஷிங் ஹிஸ் ஃபேஸ், ஹி ஸ்லெப்ட்' என்று எழுதுவார்கள். இதை வாசிக்கும் ஆங்கிலேயருக்கு, முகத்தைக் கழுவிக்கொண்டே தூங்கினான் என்று படும்.

மருந்து தமிழிலேயே இருக்கிறது. மொழிபெயர்க்க முன்னர் எச்சங்களை முற்றாக்கச் சொல்லுங்கள்: 'போனான், கழுவினான், சாப்பிட்டான், படுத்தான்.' ஜூலியஸ் சீசர் சொன்னதாக வரும் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' எல்லோருக்கும் தெரியும். மூன்றும் முற்று. அந்த ஓட்டத்தில் 'ஹி வென்ட் ஹோம், வோஷ்ட் ஹிஸ் ஃபேஸ், ஏட் டினர் அன்ட் ஸ்லெப்ட்' தானாக வரும்.

பயிற்சிக்கான வினைகளை எடுப்பதிலும் கவனம் வேண்டும். முதல் வாரம் 'வோஷ்ட்', 'குக்ட்', 'கிளீன்ட்', 'வோச்ட்' போன்ற ஒழுங்கான வினைகளே போதும். 'கோட்' (பிடித்தான்), 'போட்' (வாங்கினான்), 'டோட்' (கற்பித்தான்) போன்ற ஒழுங்கற்றவற்றை அப்போதே கலந்தால், பிள்ளை அமைப்பில் தவறியதா, வடிவம் தெரியாமல் தவறியதா என்று உங்களால் பிரித்தறிய முடியாது.

டீச்சர், 'நொட் ஒன்லி… பட் ஓல்சோ' பாவித்தால் எப்போதும் புள்ளி குறைகிறது. நான் எழுதியது: 'ஷீ நொட் ஒன்லி ஸ்பீக்ஸ் டமில் பட் ஓல்சோ சிங்களா.' எங்கே பிழை?
— உயர்தர மாணவி, வெள்ளவத்தை

மகள், 'நொட் ஒன்லி' என்பதன் பின்னால் வந்தது 'ஸ்பீக்ஸ்' என்ற வினை. 'பட் ஓல்சோ' என்பதன் பின்னால் வந்தது 'சிங்களா' என்ற பெயர். இரண்டுக்கும் பின்னால் ஒரே இனம் நிற்க வேண்டும். 'ஷீ ஸ்பீக்ஸ் நொட் ஒன்லி டமில் பட் ஓல்சோ சிங்களா' என்றால் இரண்டு பக்கமும் மொழி. 'ஷீ நொட் ஒன்லி ஸ்பீக்ஸ் டமில் பட் ஓல்சோ டீச்சஸ் இட்' என்றால் இரண்டு பக்கமும் வினை.

இடம் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'மட்டுமல்ல' சொல்லுக்குப் பின்னால் வரும்: 'தமிழ் மட்டுமல்ல, சிங்களமும் பேசுவாள்.' ஆங்கிலத்தில் அது முன்னால் போக வேண்டும். ஆகவே தமிழில் 'மட்டுமல்ல' எந்தச் சொல்லின் முதுகில் ஒட்டுகிறது என்று பாருங்கள், ஆங்கிலத்தில் 'நொட் ஒன்லி' அதே சொல்லின் முகத்துக்கு முன் நிற்கட்டும். '-உம்' எங்கே ஒட்டுகிறதோ, அதன் முன்னால் 'பட் ஓல்சோ'.

'போத்–அன்ட்', 'ஐதர்–ஓர்', 'நைதர்–நோர்' மூன்றுக்கும் இதே கணக்கு. 'போத் இன் கொலம்போ அன்ட் கண்டி' ஒரு கால் குட்டை. 'இன் போத் கொலம்போ அன்ட் கண்டி' என்றோ, 'போத் இன் கொலம்போ அன்ட் இன் கண்டி' என்றோ எழுதுங்கள். 'நொட் ஒன்லி' என்று வாக்கியத்தைத் தொடங்கும் ஆசை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அப்படித் தொடங்கினால் 'நொட் ஒன்லி டஸ் ஷீ ஸ்பீக்…' என்று துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும். பரீட்சை மண்டபத்தில் அது நினைவில் நிற்பது அபூர்வம்.

என் மகன் 'ஹி வோஸ் டயர்ட் அன்ட் இன் எ பேட் மூட்' என்று எழுதியதை ஆசிரியர் பிழை என்று வெட்டியிருக்கிறார். ஒன்று பெயரடை, மற்றது 'இன்' போன்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் சொற்றொடர் என்பது அவர் விளக்கம். சரியா?
— ஒரு தந்தை, தெஹிவளை

உங்கள் மகன் எழுதியது நல்ல ஆங்கிலம். பொதுப்பகுதியோடு வாசியுங்கள்: 'ஹி வோஸ் டயர்ட்', 'ஹி வோஸ் இன் எ பேட் மூட்'. இரண்டும் ஓடுகின்றன, இரண்டும் அவன் எப்படி இருந்தான் என்ற ஒரே கேள்விக்குப் பதில். 'ஹி ஸ்போக் ஸ்லோலி அன்ட் வித் கிரேட் கெயார்' என்பதும் அப்படியே. சொல்லின் இனம் வேறானாலும் அவை செய்யும் வேலை ஒன்று.

காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'ஷீ வோஸ் போர்ன் இன் ஜஃப்னா அன்ட் வேர்க்ஸ் இன் கொலம்போ' சரியான வாக்கியம். பிறந்தது அப்போது, வேலை இப்போது. சமாந்தரம் என்ற பெயரில் 'வேர்க்ட்' என்று மாற்றினால் அவளுடைய வேலை போய்விடும்!

மறுபுறம், முடிவு ஒத்துப்போனால் போதும் என்பதும் பொய். 'த ஃபில்ம் வோஸ் எக்சைட்டிங் அன்ட் ரனிங் ஃபோர் த்ரீ அவர்ஸ்' என்பதில் இரண்டு '-இங்' உண்டு. ஆனால் முதலாவது படம் எப்படி இருந்தது என்று சொல்லும் பெயரடை, இரண்டாவது வினை. 'வோஸ் எக்சைட்டிங் அன்ட் ரான் ஃபோர் த்ரீ அவர்ஸ்' என்பதே சரி. 'ஷீ இஸ் கைன்ட், இன்டெலிஜென்ட் அன்ட் வேர்க்ஸ் இன் எ பேங்க்' என்பது இன்னொரு வகை. 'ஷீ இஸ் வேர்க்ஸ்' என்று வாசிக்க முடியாது. இதற்கு வேலையைப் பெயரடையாக்கித் திண்டாட வேண்டாம். பட்டியலை இரண்டில் முடித்துவிட்டு வேறு வாக்கியத்தை இணையுங்கள்: 'ஷீ இஸ் கைன்ட் அன்ட் இன்டெலிஜென்ட், அன்ட் ஷீ வேர்க்ஸ் இன் எ பேங்க்.'

இந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போக வேண்டாம். அந்த ஆசிரியரிடம் படிக்கும் வரை 'டயர்ட் அன்ட் ஆங்ரி' என்று எழுதிவிட்டுப் போகட்டும்.

ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதப் போகிறேன். 'த ரென்ட் இன் கொலம்போ இஸ் ஹையர் தான் கண்டி' என்பதில் என் விரிவுரையாளர் பிழை காண்கிறார். எனக்குப் புரியவில்லை.
— வாசகர், பம்பலப்பிட்டி

வாடகையை ஊரோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். 'விட' என்ற பொருளில் வரும் ஆங்கிலத் 'தான்' என்பதும் 'அன்ட்' மாதிரி இரண்டு பக்கத்தையும் நிறுக்கும் சொல். 'கொழும்பு வாடகை கண்டியை விட அதிகம்' என்று தமிழில் சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை, அதனால்தான் கண்ணுக்குப் படவில்லை. ஆங்கிலத்தில் 'தான் தட் இன் கண்டி' அல்லது 'தான் இன் கண்டி' என்று வர வேண்டும். பன்மையானால் 'தட்' போய் 'தோஸ்' வரும்: 'த பிரைசஸ் இன் வெள்ளவத்தை ஆர் ஹையர் தான் தோஸ் இன் பெட்டா.'

அகடமிக் பிரிவில் முதலாவது எழுத்து வேலைக்கு 20 நிமிடம் ஒதுக்கி, 150 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். வரைபும் அட்டவணையும் வந்தால் வரிக்கு வரி ஒப்பீடுதான். கடைசி இரண்டு நிமிடத்தில் 'தான்' வரும் இடங்களை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

பட்டியலில் 'டு' என்பதை ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டுமா?
— அலுவலக ஊழியர், கொம்பனித்தெரு

ஒன்றில் முதலாவதற்கு மட்டும், அல்லது எல்லாவற்றுக்கும். 'டு ரீட், ரைட் அன்ட் டு ஸ்பீக்' என்ற கலப்படம் கூடாது. 'இன்', 'ஃபோர்', 'த' போன்றவற்றுக்கும் அதே. ஆனால் முன்னிடைச்சொல் வேறு வேறானால் ஒன்றையும் விழுங்க முடியாது: 'இன்டரெஸ்டட் இன் அன்ட் குட் அட் மெத்ஸ்.' 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் மக்கள் என்ற சொல்லை 'ஒஃப்', 'பை', 'ஃபோர்' என்ற மூன்றோடும் மூன்று தடவை சொன்னது இலக்கணக் கட்டாயத்தால் அல்ல. ஓசைக்காகவும் அழுத்தத்துக்காகவும் சொன்னது.

அலுவலகத்தில் இருப்பவர் என்பதால் ஒன்று: சுயவிபரக் கோவையில் கடமைகளை எழுதும்போது 'பிரிப்பேர்ட்…', 'ஹேன்ட்லிங்…', 'ரெஸ்பொன்சிபிள் ஃபோர்…' என்று வரிக்கொரு தொடக்கம் வைக்காதீர்கள். முடிந்த வேலைக்கு எல்லா வரியையும் இறந்தகால வினையில் தொடங்குங்கள்.

தவணைப் பரீட்சைக்கு இதில் எப்படிக் கேள்வி அமைப்பது? நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையே கைக்கு வருகிறது.
— ஆசிரியர், கிராண்ட்பாஸ்

அந்த வகை ஊகத்துக்கு இடம் கொடுக்கும். சிறு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். 'ஹி கேன் சிங். ஹி கேன் டான்ஸ். ஹி பிளேஸ் த வயலின்.' முதல் இரண்டும் இலகுவாக இணையும், மூன்றாவதில்தான் சோதனை. 'ஹி கேன் சிங், டான்ஸ் அன்ட் பிளே த வயலின்' என்று 'பிளேஸ்' தன் வாலை இழக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியிலும் இப்படி ஒரு வாக்கியமாவது உருமாற வேண்டியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெறும் ஒட்டு வேலையாகிவிடும். இரண்டு வாக்கியத்தில் தொடங்கி மூன்றுக்குப் போங்கள், நான்கு வேண்டாம். மூன்று புள்ளி என்றால் இரண்டை அமைப்புக்கும் ஒன்றைக் காற்புள்ளி, எழுத்துக்கூட்டலுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். விடைத்தாளில் 'பிளேஸ்' என்றே விட்டிருப்பவரைக் கூப்பிட்டு, 'ஹி கேன் பிளேஸ்' என்று ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.