பாசிக்கு 45 நாள், படிப்புக்கு எத்தனை?

கேள்வி: வேலை பார்க்கும் பெரியவர்களுக்காக எங்கள் கல்லூரியில் கடல்பாசி வளர்ப்பில் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு தொடங்கினோம். காலை 10 மணி முதல் 1 மணி வரை வகுப்பு. இருந்தது 40 இடம், சேர்ந்தது ஏழு பேர், முடித்தது மூன்று பேர். இந்த மக்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லையா?
- ஒரு விரிவுரையாளர், ராமநாதபுரம்

பதில்: அக்கறை இருக்கிறது, நேரம்தான் இல்லை. காலை 10 மணிக்கு உங்கள் மாவட்டத்து மண்டபம் ஊரில் பாசி வளர்க்கும் பெண்கள் இடுப்பளவுக் கடல் தண்ணீரில் நிற்பார்கள். அந்த நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்றால் எப்படி?

பாசி கட்டி அறுவடை செய்யும் ஒரு சுற்றுக்கு 45 நாள். தினம் இரண்டு மணி நேரம் என்றால் 90 மணி. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், அதாவது படித்ததற்கான ஒரு மதிப்பலகு; களத்தில் செய்து பழகும் நேரமும் அதில் சேரும். ஆக, ஒரு சுற்றுக்கு மூன்று கிரெடிட். விதைப்பாசி கட்டும் நாளில் தொடங்கி அறுவடையன்று முடியுங்கள். தை பிறந்து வாடை அடங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாசி கட்டிய மிதவையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

விசைப்படகுக்காரர்களுக்கு இன்ஜின் பழுது, ஜிபிஎஸ் மாதிரி ஏதாவது படிப்பு நினைத்தால், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கவே இருக்கிறது.

பாடத்துக்கு வருகிறேன். பாசி கட்டக் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள், அவர்கள் உங்களுக்கே சொல்லித்தருவார்கள்! ஈரம் என்று சொல்லி வியாபாரி எடையில் கழிக்கிறாரே, அது நியாயமா? தண்ணீர் சூடேறினால் பாசி ஏன் வெளுத்து அழுகுகிறது? வங்கிக் கடனுக்குக் கணக்கு எப்படி எழுதுவது? அவர்கள் கேட்பது இதைத்தான். மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அழுகல் நோய்க்கு அங்கிருந்து ஒருவரை அழையுங்கள்.

சான்றிதழில் 'பங்கேற்றார்' என்று மட்டும் போட்டால் சுவரில் மாட்டத்தான் ஆகும். 'ஈரப்பதம் அளக்கத் தெரியும்' என்று செய்யத் தெரிந்ததை எழுதுங்கள். பல்கலைக்கழகத்திடம் முன்பே பேசி, கிரெடிட்டை, மாணவர் பெயரில் அவற்றைச் சேமித்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் ஏற்றுங்கள். பிறகு டிப்ளமோ படிக்க நினைத்தால், சேரும் கல்லூரி ஏற்கும் அளவுக்குக் கைகொடுக்கும்.

அப்புறம், முடித்த அந்த மூன்று பேர். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுங்கள், அன்றைய கூலியையும் கொடுத்து.