நுரையீரல் புற்றுநோய் பரவுவதற்கும் செல்லின் அழுத்த எதிர்வினைப் புரதங்களுக்கும் என்ன தொடர்பு?

வெப்பம், ஆக்சிஜன் பற்றாக்குறை, புகையின் நச்சுகள் ஆகியவற்றால் தாக்கப்படும் செல் தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்களே இவை. இவற்றுள் அதிகம் பேசப்படும் எச்எஸ்பி90, செல்லை வளரத் தூண்டும் இஜிஎஃப்ஆர் பிறழ்வுறும்போது, அது போன்ற புரதங்கள் சிதையாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆயினும் அதைத் தடுக்கும் கனடெஸ்பிப் மருந்தின் மூன்றாம் கட்ட நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை, பயன் தெரியாததால் 2015இல் நிறுத்தப்பட்டது. பரவுதலைப் பொறுத்தவரை, செல்லின் பாதுகாப்பு மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 என்ற புரதமே முதன்மையானது என்பது என் கருத்து.

இயல்பான செல்லில் கீப்1 என்ற புரதம் என்ஆர்எஃப்2வைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜனின் வினைமிகு மூலக்கூறுகள் செல்லைச் சேதப்படுத்தும் நிலை, வரும்போது மட்டும் அதை விட்டுவிடும். நுரையீரல் புற்றுநோயின் பரவலான வகையான அடினோகார்சினோமாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் கீப்1 மரபணு பழுதடைந்திருப்பதால், தேவையில்லாதபோதும் என்ஆர்எஃப்2 ஓயாமல் இயங்குகிறது. அதனால் புற்றுநோய்ச் செல் எப்படிப் பரவுகிறது என்பதை நியூயார்க்கிலும் சுவீடனிலும் இருந்த இரு குழுக்கள் 2019இல் விளக்கின. என்ஆர்எஃப்2 தூண்டும் ஒரு நொதி, செல்லிலுள்ள ஹீம் என்ற இரும்பு கொண்ட மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. ஹீம் போதிய அளவு இருந்தால் அழிந்துபோயிருக்க வேண்டிய பாக்1 என்ற புரதம், அது குறைந்ததும் நிலைத்துவிடுகிறது. நிலைத்த பாக்1, செல் இடம்பெயரவும் குளுக்கோஸை மிகுதியாக எரிக்கவும் உதவும் மரபணுக்களை இயக்கிவிடுகிறது.

சுவீடன் குழுவினர் எலிகளுக்கு வைட்டமின் இ, என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய ஆன்டிஆக்ஸிடன்ட்களை (ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தணிக்கும் பொருள்களை)க் கொடுத்தபோதும் பாக்1 நிலைத்து, கட்டி மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது கூடியது. 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களுள் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்திருந்ததைப் பலர் இதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆய்வு நோய் தோன்றுவதைப் பற்றியது, பரவுவதைப் பற்றியதன்று. அதில் வைட்டமின் இ அத்தகைய கூடுதலைக் காட்டவும் இல்லை. எலிகளில் கண்டது மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்றும் கொள்ள முடியாது.

இருந்தாலும், என் பெரியப்பா இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றபோது உறவினர்கள் அன்போடு வாங்கிவந்த வைட்டமின் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டிய பின்பே முடிவெடுத்தோம். சிகிச்சையில் இருப்போர் எல்லோரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அன்றாட உணவின் காய்கறிகளையும் பழங்களையும் இதற்காகக் குறைக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை தேவைப்படுவது செறிவூட்டிய மாத்திரைகளுக்கே.