திண்ணைத் தூண் மாத்தின செலவுல பாதிய அண்ணன்கிட்ட கேட்டு கேஸ் போடலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். அப்பா கிரயம் வாங்கின வீடு, உயில் எழுதாம போயிட்டார். கேள்வி அனுப்பின தம்பியும் அம்மாவும்தான் அங்க இருக்காங்க. திண்ணையில நாலு தேக்குத் தூணும் அடியில உளுத்துப்போச்சு, சொந்தக் காசுல மாத்திட்டார், பழைய தூணை மரக்கடையில வித்துட்டார். வெளியூர் அண்ணன் பாதி செலவு தர மாட்டேங்கறார், வித்த தூணுக்குக் கணக்கு கேக்கறார்.

நீங்க எழுதினதுல அண்ணி பேசினது, அம்மா ஆஸ்பத்திரி செலவுக்கு யாரும் வராதது எல்லாம் படிச்சேன், வருத்தம்தான், ஆனா கோர்ட்டுல அது எடுபடாது. விஷயம் ஒண்ணுதான்: வீடு இன்னும் பாகம் பிரியல. தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கினேன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அவங்களும் பங்குதாரர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்க, தங்கச்சி ஆளுக்குக் கால் பங்கு. அப்புறம் அண்ணன்கிட்ட பாதி எப்படி கேப்பீங்க? தூண் மாத்தினதால உங்க பங்கும் கூடாது. அவசியமான ரிப்பேர்னு பில்லோட காட்டினா, பாகம் பிரிக்கறப்ப கோர்ட் கணக்குல எடுத்துக்கலாம், அவ்ளோதான். அண்ணன் வாட்ஸ்அப்ல "சரி பாத்து செய்"னு போட்ட மெசேஜ் ஒண்ணுதான் கொஞ்சம் உதவும், அந்த போனை மாத்திடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நீட்டினா பத்தாது, எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான சர்டிபிகேட் கேப்பாங்க.

இப்ப நான் பயப்படற இடத்துக்கு வரேன். நீங்க பணம் கேட்டு கேஸ் போட்டா அண்ணன் சும்மா இருக்க மாட்டார், பாகப்பிரிவினை கேஸ் போடுவார், போட அவருக்கு முழு உரிமை இருக்கு. சின்ன வீட்டை நாலா வெட்ட முடியாதுன்னு கோர்ட் அனுப்பற வக்கீல் கமிஷனர் ரிப்போர்ட் குடுத்தா, 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 2ம் பிரிவுல வீட்டையே விக்கச் சொல்லி கேக்கலாம், அதுக்கு பாதி பங்கு இருந்தா போதும். அண்ணன் கால், தங்கச்சி கால், சேத்தா சரியா பாதி! விக்கறதுதான் எல்லாருக்கும் லாபம்னு கோர்ட்டுக்குத் தோணணும், தானா உத்தரவு வராது, ஆனா அவங்க விக்கச் சொல்லி கேட்டா, 3ம் பிரிவுல கோர்ட் மதிப்பு போடற விலைக்கு அவங்க பங்கை வாங்கிக்க நீங்க மனு போடலாம். கைல அவ்ளோ பணம் இல்லாம, விக்கற உத்தரவும் வந்துட்டா நீங்களும் அம்மாவும் வெளிய. போர்வெல் செலவு, ஓடு மாத்தின செலவுன்னு கேஸ் போட்டு வீட்டையே விட்டவங்களை நிறைய பாத்துட்டேன், ஆரம்பத்துல எல்லாருமே "நியாயம் என் பக்கம்"னுதான் வருவாங்க.

பழைய தூண் பொதுச்சொத்து, அடி உளுத்திருந்தாலும் மேல நல்ல தேக்கு இருந்திருக்கும், அதுக்கு விலை உண்டு. மரக்கடை ரசீதை தேடி எடுங்க, இல்லைன்னா இஷ்டத்துக்கு ஒரு தொகை சொல்வாங்க. மாடியில ரூம் எடுக்கப்போறேன்னு எழுதியிருக்கீங்களே, அதை உடனே நிறுத்துங்க, அடுத்த வாரமே தடை உத்தரவு வாங்கிடுவாங்க.

என்னைக் கேட்டா சமாதானமா போங்க. புதுத் தூண் செலவுல பழைய தூண் வித்த காசைக் கழிச்சுட்டு, மீதியை விட்டுக்குடுக்கறேன்னு சொல்லி பேச்சைத் தொடங்குங்க. அம்மா இருக்கறப்பவே பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரமோ ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தாள் செலவுக்கு உச்சவரம்பு இருக்கு. வெள்ளைப் பேப்பர்ல கூர்ச்சீட்டு (ரிஜிஸ்டர் பண்ணாத பாகப்பிரிவினைச் சீட்டு) எழுதி கையெழுத்து வாங்கிட்டு முடிஞ்சுதுன்னு உக்காராதீங்க. தங்கச்சிகிட்ட முதல்ல பேசுங்க, அண்ணன் பேசறதுக்கு முன்னாடி.